மௌங் ஹான் எழுதிய கொரியா

கொரியாவில் ஓர் அமைச்சர் பதவி விலகினாலும் சரி, வடக்கே ஓர் ஏவுகணை கிளம்பினாலும் சரி, யாங்கூனில் ஒரு வார இதழில் உளுந்து விலைக்குப் பக்கத்தில் அதைப் படித்துவிடலாம். லான்மடாவில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த இதழின் அலுவலகம். பர்மிய மொழியில் வருவது. பயறு, உளுந்து, வெங்காயச் சந்தை நிலவரத்துக்காக வியாபாரிகள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து வருஷமாக வேறு ஒரு கூட்டமும் வாங்கத் தொடங்கியிருந்தது: மகனையோ தங்கையையோ கொரியாவுக்கு வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள். அவர்களுக்குக் கடைசிப் பக்கம் மட்டும் போதும். மௌங் ஹான் என்பவர் அங்கேதான் எழுதினார்.

மௌங் ஹான் யார் என்பது பற்றி வாசகர்களிடையே பல கதைகள் உலவின. ஓய்வு பெற்ற தூதரக அதிகாரி என்றார்கள் சிலர். சியோலில் பல காலம் இருந்து திரும்பிய பாதிரியார் என்று ஒருவர் சத்தியமே செய்தார். உண்மையில் மௌங் ஹான், போட்டாதாங்கில் ஐந்தாம் மாடியில் கணவனோடு குடியிருந்த முப்பத்தெட்டு வயதுத் தமிழ்ப் பெண். பெயர் மக்தலேனா. கொரிய மண்ணில் அவள் கால் பட்டதே இல்லை.

கொரிய மொழி அவள் விரும்பிக் கேட்டதும் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்தவர்களை மதிப்பெண்தான் நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று பிரித்து அனுப்பும். அவள் ஆங்கிலம் கேட்டாள். மதிப்பெண் அவளைக் கொரிய வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. படித்து முடித்து அவள் போன வேலைக்கும் அந்த மொழிக்கும் சம்பந்தமில்லை. தனியார் நாளிதழ்களுக்கு அனுமதி கிடைத்த காலம் அது. ஒரு புதிய பத்திரிகையில் சேர்ந்து, தலைநகர் நேப்பிடோவுக்குப் போய், நாடாளுமன்ற நிருபர் ஆனாள்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற நிருபர்கள் பெரிய தலைவர்களின் பின்னால் ஓடுவார்கள். மக்தலேனா கேள்வி நேரம் முழுக்க நிருபர்களுக்கான மாடத்தில் உட்கார்ந்திருப்பாள். தன் தொகுதியில் ஒரு மரப்பாலம் உடைந்து கிடப்பதை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுந்து நின்று கேட்ட ஓர் உறுப்பினர் இருந்தார். அவர் எழுந்தாலே மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொள்வாள். பாலம் கட்டி முடித்த அன்று அவர் அவளைத் தேடிவந்து சொன்னார். அந்தச் செய்தி பத்து வரிதான் வந்தது. ஆனாலும் பத்திரிகைக்காரி ஆனதற்கு அது போதும் என்று கணவன் நெல்சனிடம் அன்று போனில் சொன்னாள்.

2021 பிப்ரவரி முதல் தேதி புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள். அதை எழுதத்தான் முந்தின நாளே நேப்பிடோ போய் ஒரு விடுதியில் தங்கினாள். காலையில் எழுந்தால் போன் வேலை செய்யவில்லை. வெளியே வந்து பார்த்தபோது சாலையில் ராணுவ வண்டிகள் நின்றன. இரவோடு இரவாக ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியை மறித்திருந்த சிப்பாய், அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க அக்கா" என்று மரியாதையாகவே சொன்னான். அந்த மரியாதை அவளுக்கு ரொம்ப நாள் உறுத்தியது. சில வாரங்களில் பத்திரிகையை மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் எல்லை தாண்டினார்கள், சிலர் உள்ளே போனார்கள். மக்தலேனா யாங்கூனுக்குத் திரும்பி, கொரியாவுக்கு வேலைக்குப் போக முயல்கிறவர்களுக்கு மொழி வகுப்பு எடுத்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் மீரா முகைதீன் கூப்பிட்டார். உளுந்துத் தரகராக இருந்து அந்த வார இதழுக்கு முதலாளி ஆனவர். அறுபது தாண்டியவர். எல்லோரும் அவரை ஸயா, அதாவது ஐயா, என்று அழைப்பதைப் போல அவளும் ஸயா என்றே அழைத்தாள்.

"கொரியாவுக்குப் போற பிள்ளைங்க கூடிக்கிட்டே போகுதும்மா. விசா சட்டம், பரீட்சைத் தேதி, அவங்க காசு இன்னிக்கு என்ன விலைக்குப் போகுது, இதெல்லாம் போட்டா பேப்பர் நல்லா ஓடும். நீ எழுது" என்றார்.

"அரசியல் வரலாமா, ஸயா?"

"உளுந்து விலை போடுற பேப்பர்ல உளுந்தளவுக்கு வரலாம்."

அவள் எழுதத் தொடங்கினாள். சொந்தப் பெயர் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். முதலில் விசாதான். ஆனால் விசா எங்கிருந்து வருகிறது? சியோலில் இருக்கிற ஓர் அமைச்சகத்திலிருந்து. அந்த அமைச்சகம் யார் சொல் கேட்கும்? நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சி கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வடக்கே ராக்கெட் விட்டால் அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிற மோல்மேன் ஊர்ப் பையனுக்கு என்ன? சீனாவும் அமெரிக்காவும் முறைத்துக்கொண்டால் அவன் கம்பெனிக்கு என்ன? இப்படி ஒரு நூலைப் பிடித்து இழுக்க, கொரிய அரசாங்கம் முழுவதும் அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. காலையில் மின்சாரம் இருக்கிற நேரம் பார்த்து, இணையத் தடையைத் தாண்ட வி.பி.என். போட்டு, சியோலில் அமைச்சகப் பேச்சாளர்கள் நிருபர்களுக்குப் பதில் சொல்வதை அவள் காதில் மாட்டிக் கேட்பாள். அங்கே நிருபர்கள் கையைத் தூக்கி எதிர்க்கேள்வி கேட்பார்கள். பேச்சாளர் எரிச்சலோடு பதில் சொல்வார். கேட்கக் கேட்க அவளுக்குத் தன் பழைய மாடம் நினைவுக்கு வரும். அடுத்த வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நெல்சனிடம் ஒரு தடவை சொன்னாள்.

அவள் எழுதியதை முகைதீன் வெட்டுவார். எப்போதும் வெட்டுவார். 'ராணுவம்' என்று இருந்தால் 'பாதுகாப்புத் துறை' ஆகும். 'போராட்டம்' என்று இருந்தால் 'மக்கள் கூடினர்' ஆகும். அவரை நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

2024 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவுச் சாப்பாட்டு நேரம். கொரிய ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நெல்சன் ஸ்ட்ராண்ட் ரோட்டுக் கிடங்கில் சரக்குக் கணக்கு முடித்து அப்போதுதான் வந்திருந்தான். மக்தலேனா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அதற்கப்புறம் தட்டை யாரும் தொடவில்லை.

உறுப்பினர்கள் வேலி ஏறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். உதவியாளர்கள் நாற்காலி மேசைகளை வாசலில் குவித்துச் சிப்பாய்களைத் தடுத்தார்கள். வெளியே ஜனங்கள் வண்டிகளை மறித்தார்கள். சில மணி நேரத்தில் நூற்றுத்தொண்ணூறு உறுப்பினர்கள் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல், அந்த உத்தரவு செல்லாது என்று வாக்களித்தார்கள். சிப்பாய்கள் திரும்பிப் போனார்கள். நெல்சன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத மொழியில் ஓடிய படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எதுக்கு லேனா அழுவுற? அவங்க ஜெயிச்சிட்டாங்கன்னுதான சொன்ன" என்று கேட்டான்.

"அதுக்குத்தான்" என்றாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். நடந்ததை மட்டும் எழுதினாள். கொரிய அரசியல் சட்டத்தில், நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை கேட்டால் ஜனாதிபதி அந்த உத்தரவை நீக்கியே ஆகவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதை அப்படியே மொழிபெயர்த்தாள். கட்டுரையின் முடிவில், நம் ஊரில் ஒரு காலைப் பொழுதில் மறிக்கப்பட்ட ஒரு சாலையைப் பற்றி நாலு வரி.

முகைதீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை எடுத்தார். கடைசி நாலு வரியை அடித்தார். அவள் அடுத்ததற்குக் காத்திருந்தாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அவ்வளவுதானா, ஸயா? 'ராணுவம்'னு ஏழெட்டு இடத்துல வருது."

"கொரியாவுல ராணுவத்துக்கு ராணுவம்னுதான பேரு? வேற என்னன்னு போட?" என்றார். பிறகு, "அந்த நாலு வரி உனக்கே வேண்டாம்மா. படிக்கிறவனுக்கு அது தெரியும். அவன் நினைச்சுக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னது சரி என்று அவளுக்கும் பட்டது.

அந்தக் கட்டுரை இணையத்தில் ஏறிய அன்று மாலைக்குள் நாடு முழுக்கச் சுற்றியது. உளுந்து வாங்காதவர்கள், கொரியாவில் ஒருவரையும் தெரியாதவர்கள் எல்லாம் படித்தார்கள். யாரும் ஒரு கருத்தும் எழுதவில்லை. வெறுமே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். டீக்கடையில் பக்கத்து மேசையில் ஒருவர் தணிந்த குரலில் அதை நண்பருக்குப் படித்துக் காட்டுவதை மக்தலேனா கேட்டாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். சீருடை இல்லை. நல்ல சட்டை, இடுப்பில் லோஞ்சிக் கைலி. நாற்காலியைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு, மௌங் ஹான் யார் என்று கேட்டார்கள்.

மக்தலேனா சுவரோர மேசையில் இருந்தாள். காதுக்கருவி கழுத்தில் தொங்கியது. கணினித் திரையில் கொரிய எழுத்து. அதை மூடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எழுந்திருக்க மேசையில் கையை ஊன்றினாள்.

"நான்தான்" என்றார் முகைதீன் பர்மிய மொழியில்.

அவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். அவர் மக்தலேனாவின் பக்கம் திரும்பி, வீட்டில் வேலை சொல்கிற குரலில், தமிழில் சொன்னார்: "உக்காரு. எந்திரிக்காத. நீ வாயத் தொறந்தா ரெண்டு பேரும் போவோம். ஒருத்தர் போனா போதும். என் சர்க்கரை மாத்திரை அந்த டிராயர்ல இருக்கு, எடுத்துக் குடு. அப்பறம் நேரா ரஹீமாகிட்டப் போ."

"என்ன சொல்கிறீர்கள்?" என்றான் வந்தவர்களில் ஒருவன்.

"மாத்திரை எடுக்கச் சொன்னேன். டைப் அடிக்கிற பிள்ளை. என் வீட்டுக்குத் தகவல் சொல்லணும் இல்லையா?" என்றார்.

இழுப்பறையைத் திறந்தாள். மாத்திரை அட்டையை அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சந்தைக்குக் கிளம்புகிறவர் மாதிரி அவர்களோடு படியிறங்கினார்.

ரஹீமா அவருடைய மனைவி. மக்தலேனா வீட்டுக்குள் நுழைந்து நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

"என் மேல கோவமா இருக்கும் உங்களுக்கு" என்றாள் மக்தலேனா.

"இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். உன் மேலயும் இருக்கு, அவர் மேலயும் இருக்கு. அந்தக் கட்டுரைய நான் நாலு தடவ படிச்சேன்மா. இதுல என்ன தப்புன்னு தேடித் தேடிப் படிச்சேன். ஒண்ணும் கிடைக்கல" என்றாள் ரஹீமா.

"நான் போய்ச் சொல்லிடறேன், மாமி. எழுதினது நான்தானே."

ரஹீமா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அவர் அங்க உக்காந்து ஒண்ணு சொல்லி வெச்சிருப்பாரு. அத நீ போய் உடைச்சா அவருக்கு நல்லதா கெட்டதா? எனக்குத் தெரியல. உன் வீட்டுக்காரரையும் கேளு" என்றாள்.

நெல்சன் கேட்ட உடனேயே சொன்னான். "நீ போனா அவர விட்டுடுவாங்கன்னு யாரு சொன்னா? பொய் சொன்னாருன்னு இன்னும் ரெண்டு வருஷம் சேத்து வெப்பாங்க. அதோட நீயும் உள்ள." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனைவியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறோமா, நியாயத்துக்காகச் சொல்கிறோமா என்று அவனுக்கே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். மக்தலேனாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ரஹீமாவை அனுமதித்தார்கள். ஒரு காவலர் பக்கத்தில் நிற்க, கொஞ்ச நேரம் பேசலாம். தமிழ் அந்தக் காவலருக்குத் தெரியாது. அடுத்த தடவை போகும்போது என்ன சொல்லவேண்டும் என்று மக்தலேனா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். கொரிய மொழி தெரியும் என்று அவர் சொல்லிவிடக் கூடாது, படித்துக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வார். எல்லாம் ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து எடுத்தது. எந்தெந்தப் பத்திரிகை என்றும் சொன்னாள். ரஹீமா அதை மீன் குழம்புக்கு உப்பு புளி அளவு சொல்வதைப் போலக் கணவனிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசிப் பக்கத்தில் அந்த வாரம் கொரியா வரவில்லை. வரக்கூடாது. மௌங் ஹான் உள்ளே இருக்கும்போது மௌங் ஹான் எழுதினால் எல்லாம் உடைந்துபோகும். ஆனால் கொரியா அவளுக்காகக் காத்திருக்குமா? அந்தச் சனிக்கிழமை பிற்பகல், அதே நாடாளுமன்றம் அதே ஜனாதிபதியைப் பதவியிலிருந்து நிறுத்தி வைக்க வாக்களித்தது. இத்தனை வருஷம் அவள் பின்தொடர்ந்த செய்திகளில் அதுதான் பெரிது. சபாநாயகர் எண்ணிக்கையைப் படிக்கக் கேட்டதும் விரல்கள் தாமாகத் தட்டச்சில் ஓடின. தலைப்பும் முதல் பத்தியும் வந்துவிட்டன. படித்துப் பார்த்தாள். நன்றாகவே வந்திருந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்குப் போனாள். பாடும்போது இரண்டு இடத்தில் குரல் தவறியது. சளி என்று சொல்லிவைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன் முகைதீனை விட்டார்கள். அடித்ததாக அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இளைத்துப்போயிருந்தார், இருமல் பிடித்திருந்தது. பார்க்கப் போன மக்தலேனாவிடம் அவரே பேச்சை எடுத்தார்.

"விசாரிச்சவன் போன்ல கொரிய எழுத்தக் காட்டிப் படிக்கச் சொன்னான். எனக்குப் புழுத்த உளுந்துல வண்டு ஓடுற மாதிரி இருக்கு தம்பி, நான் இங்கிலீஷ்ல இருந்துதான் எடுக்கறேன்னேன். சிரிச்சிட்டான். உளுந்துல வண்டு வராம எப்படி வெக்கிறதுன்னு கேட்டான். அவங்க அம்மா வீட்ல மூட்டையா வெச்சிருக்காங்களாம். வேப்பிலை போடச் சொன்னேன்."

மக்தலேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் ஸயா அப்படிச் செஞ்சீங்க?" என்றாள்.

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பேப்பர் என்னுது. உன்னை எழுதச் சொன்னவன் நான். பேர மறைச்சு எழுதுன்னு சொன்னவனும் நான். அந்தப் பேர யாரு கேட்டு வந்தாலும் அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான? இதுல பெருமை ஒண்ணும் இல்லம்மா. அந்த நேரத்துல வேற யோசனை வரல, அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் பயந்துகிட்டுத்தான் கிடந்தேன்."

பயந்தாங்கொள்ளி என்று எத்தனை தடவை நினைத்திருப்போம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் முடியவில்லை.

மௌங் ஹான் இனி வெளிநாட்டு அரசியல் எழுதமாட்டார் என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உடல்நலம் கருதி மௌங் ஹான் ஓய்வு பெறுகிறார் என்று இரண்டு வரி அறிவிப்பு வந்தது. குணமடைய வேண்டுமென்று வாசகர்கள் போன் செய்தார்கள். ஓர் அம்மாள் கற்றாழைச் சாறு குடிக்கச் சொன்னாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் மக்தலேனா பரீட்சைத் தேதிகளையும் கொரியக் காசின் விலையையும் மட்டும் பெயரில்லாமல் எழுதினாள். காலையில் சியோல் பேச்சாளர்களைக் கேட்பதை மட்டும் விடவில்லை. கேட்டு என்ன செய்யப்போகிறாள் என்று நெல்சன் கேட்கவில்லை. மின்வெட்டுக்கு வைத்திருந்த மின்கலத்தைச் சார்ஜில் போட மறக்காமல் பார்த்துக்கொண்டான்.

மார்ச் கடைசியில் பூமி அதிர்ந்தது. யாங்கூனில் விளக்குகள் ஆடின, மாடிக்காரர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள், அதோடு போயிற்று. வடக்கே மாண்டலே, சகாயிங் நகரங்கள் இடிந்து கிடந்தன. நெல்சன் வேலை பார்த்த கிடங்கில் தண்ணீர்ப் புட்டியும் தார்ப்பாயும் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் தார்ப்பாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வாரம் வேறு எந்த நாட்டில் என்ன நடந்தது என்று கேட்க யாருக்கும் மனசு இல்லை.

ஆனால் ஏப்ரல் நாலாம் தேதி காலை எட்டரைக்கு, கொரியாவின் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த ஜனாதிபதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப்போகிறது என்று மக்தலேனாவுக்குத் தெரியும். முகைதீன் வீட்டுக்குப் போனாள். அவர்கள் பகுதியில் அந்நேரம் மின்சாரம் இருக்கும். ரஹீமா டீ வைத்தாள். போனை ஒரு குவளையில் சாய்த்து நிறுத்தி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தலைமை நீதிபதி படிக்கப் படிக்க அவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். நாடாளுமன்ற மாடத்தில் உட்கார்ந்திருந்த காலத்து வேகம் எங்கிருந்தோ திரும்பி வந்தது. "ராணுவத்த நாடாளுமன்றத்துக்கு அனுப்பினது தப்புன்னு சொல்றாரு... சிப்பாய்ங்க நாட்டைக் காக்க வந்தவங்க, அவங்கள சொந்த ஜனங்களுக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்திட்டாருன்னு சொல்றாரு... ஜனங்க எதிர்த்து நின்னதாலயும் சிப்பாய்ங்க முழு மனசோட செய்யாததாலயும்தான் அந்த உத்தரவ சீக்கிரம் நீக்க முடிஞ்சதாம்..."

"நீதிபதியா சொல்றாரு? சிப்பாய்ங்களப் பத்தியா?" என்றார் முகைதீன்.

"ஆமா, ஸயா."

பதவி நீக்கம். எட்டு நீதிபதிகளும் ஒரே குரல்.  ரஹீமா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயைச் சுடவைக்க உள்ளே போனாள்.

"எழுது" என்றார் முகைதீன்.

"யார் பேர்ல? மௌங் ஹான்தான் ஓய்வு வாங்கிட்டாரே."

"உனக்கு ஞானஸ்நானத்துல ஒரு பேரு வெச்சாங்கள்ல? அவங்க கையெழுத்து வாங்கினது மௌங் ஹான்கிட்ட. மக்தலேனாகிட்ட யாரும் வாங்கல." சொல்லிவிட்டு இருமினார். இருமல் அடங்கியதும், "கட்டாயம் இல்லம்மா. நீ வேண்டாம்னா பரீட்சைத் தேதியே போதும். உன் வீட்டுக்காரர்கிட்டக் கேட்டு நாளைக்குச் சொல்லு" என்றார்.

மாலையில் நெல்சன் தோளெல்லாம் தூசியோடு வந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான். குளித்து வந்து தலை துவட்டிக்கொண்டே, "உன் பேர்ல வந்தா உன்னத்தான் தேடி வருவாங்க" என்றான்.

"ஆமா."

"ஸயா மாதிரி நானே எழுதினேன்னு நான் போய் நிக்கவும் முடியாது. எனக்குச் சரக்கு ஏத்துற லேடிங் பில்லத் தவிர வேற எழுதத் தெரியாது."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவன் சொன்னான்: "எழுது லேனா. மூணு மாசமா நீ வீட்ல இருந்தும் இல்லாத மாதிரியே இருக்கு."

'கொரியாவில் ஆட்சி மாறினால் அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளின் விசா என்ன ஆகும்?' என்று தலைப்பு வைத்தாள். விசாவைப் பற்றி முதலில் சொல்லி, ஆட்சி ஏன் மாறுகிறது என்று நடுவில் சொல்லி, அடுத்த தேர்தலைப் பற்றி முடிவில் சொன்னாள். சொந்தப் பெயர் என்றதும் கை தானாகச் சுருங்கியது. சிப்பாய்களைப் பற்றி நீதிபதி சொன்ன வாக்கியத்தை எழுதினாள், அடித்தாள். எட்டுப் பேரும் ஒரே முடிவு என்பதையும் அடித்தாள். முகைதீன் அச்சுப்பிரதியை வாங்கி, வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். அவள் அடித்த இடங்களைப் பார்த்தார். பேனாவை எடுத்து, நீதிபதியின் வாக்கியத்தை ஓரத்தில் தன் கையெழுத்தில் திரும்ப எழுதினார். எட்டு என்பதையும் எழுதினார்.

"வெட்டுற வேலை என்னுது. நீ அதுல கை வைக்காத" என்றார்.

இதழ் வந்தது. நிலநடுக்கச் செய்திகளுக்கு நடுவே கொஞ்சம் பேர்தான் கவனித்தார்கள். டிசம்பரில் நடந்ததைப் போல ஒன்றும் நடக்கவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை. மகனைக் கொரியாவின் ஆன்சான் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு யாங்கூன் ஓரத்து மிங்கலாடோனில் இருக்கிற ஓர் அம்மாள் மட்டும் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். விசா பற்றி இரண்டு சந்தேகம் கேட்டுவிட்டு, "எழுதினது நீங்களா? புதுப் பெயரா இருக்கே. ஆனா மௌங் ஹான் மாதிரியே எழுதறீங்க. அவர்கிட்டப் படிச்சீங்களா?" என்றாள்.

"அவர்கூடத்தான் வேலை பார்த்தேன்" என்றாள் மக்தலேனா.

"நல்ல மனுஷர். உடம்பு எப்படி இருக்கு இப்போ?"

மக்தலேனா அறையின் அந்தப் பக்கம் பார்த்தாள். முகைதீன் போர்வையைச் சுற்றிக்கொண்டு பயறு விலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "இருமல்தான் இன்னும் போகல. மத்தபடி நல்லா இருக்காரு" என்றாள்.

ஜூன் மாதம் கொரியாவில் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடி எப்படி இருக்கிறது, வரிசை எவ்வளவு நீளம் என்று அவளுடைய பழைய மாணவர்கள் அங்கிருந்து பேசி அனுப்பினார்கள். அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. வேடிக்கை பார்க்க மட்டும் போயிருந்தார்கள். ஒரு பெண், சாவடியிலிருந்து வெளியே வந்த கிழவர் ஒருவர் தன் கையைப் பிடித்து, எந்த ஊர் என்று கேட்டதாகச் சொன்னாள். மியான்மார் என்றதும் அவர் அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாராம். மக்தலேனா அதையும் எழுதினாள். முகைதீன் அதை வெட்டவில்லை.

இப்போதும் படிக்கட்டில் பழக்கமில்லாத செருப்புச் சத்தம் கேட்டால் அவள் விரல்கள் நின்றுவிடும். தார்ப்பாய்க் கடைக்கு வந்தவர் மாடி தவறி ஏறியிருப்பார், அல்லது தண்ணீர்க் கேன் போடுகிறவராக இருக்கும். யார் என்று தெரிந்ததும் காதுக்கருவியை மறுபடி மாட்டிக்கொள்வாள். சியோலில் யாரோ ஒரு நிருபர் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அதற்கு அரசாங்கம் என்ன பதில் சொல்கிறது என்று அவள் எழுதத் தொடங்குவாள்.